மூன்றாவது கார்டு போட்டால் ரிக் அணைந்துவிடுகிறது

மதுரையில் வீட்டு மாடி அறையில் பழைய கிராபிக்ஸ் கார்டுகளை வைத்து ஒரு மைனிங் ரிக் (கிரிப்டோ நாணயம் எடுக்கும் கம்ப்யூட்டர்) கட்டியிருக்கிறேன். ஆர்எக்ஸ் 580 8 ஜிபி மூன்று, பி450 மதர்போர்டு, செகண்ட் ஹேண்டில் வாங்கிய 650 வாட் பவர் சப்ளை. ஓடுவது ரேவன்காயின். லாபக் கணக்கு மட்டும் கேட்காதீர்கள், கரண்ட் பில்லைப் பார்த்து வீட்டில் ஏற்கனவே கேட்டாயிற்று.

இரண்டு கார்டு நாள் முழுக்க ஓடும். மூன்றாவதைச் சேர்த்தால் 20 நிமிடத்தில் மொத்தமும் அணைகிறது. பத்து நாளாக இதே கதை. ரைசரை (கார்டை போர்டின் ஸ்லாட்டோடு இணைக்கும் நீட்டிப்பு) மாற்றினேன், கார்டுகளை இடம் மாற்றினேன், பயாஸில் (போர்டின் அடிப்படை செட்டிங்) பல கார்டு ஓட வேண்டிய 'அபவ் 4ஜி டிகோடிங்' ஆன் செய்தேன். நேற்று பார்த்தால், ரைசருக்குப் போகும் சாட்டா கனெக்டரில் (ஹார்ட் டிஸ்க்குக்கான பவர் பிளக்) மஞ்சள் வயர் ஓரம் பழுப்பேறியிருக்கிறது, லேசாகக் கருகல் வாடை. சாட்டா 54 வாட்தான் தாங்கும், ஸ்லாட் வழியாகக் கார்டு 75 வாட் வரை இழுக்கலாம் என்று அப்புறம்தான் படித்தேன்.

ரைசர்களுக்கு 6 பின் கேபிள் கொடுத்தால் போதுமா, இல்லை பவர் சப்ளையையே மாற்ற வேண்டுமா?