கான்கூனில் ஐந்து இரவுகள்: குடிக்காத, சைவம் சாப்பிடும் தம்பதிக்கு ஒத்துவருமா?

கரிசல்மண் (ஹூஸ்டன்):

வணக்கம். வரும் டிசம்பரில் எங்களுக்குத் திருமணமாகி 25 ஆண்டுகள் நிறைகின்றன. இளையவனும் ஆகஸ்டில் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான். இத்தனை ஆண்டுகளில் நாங்கள் போன பயணங்கள் எல்லாம் பிள்ளைகளுக்காக, இல்லாவிட்டால் கோவில்பட்டிக்கு. இருவர் மட்டும் போனது திருமணமான புதிதில் கொடைக்கானலுக்கு, மூன்று நாள்.

மெக்சிகோவின் கான்கூன் பக்கம் கடலோர ரிசார்ட் ஒன்றில் ஐந்து இரவுகள் தங்க ஆசைப்படுகிறேன். இங்கிருந்து விமானத்தில் இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. அறை, சாப்பாடு, குடி எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும் என்கிறார்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்றும் போட்டிருக்கிறது. என் கணவர் தயங்குகிறார். நாங்கள் இருவரும் குடிப்பதில்லை. நான் முழுச் சைவம், அவர் முட்டை மட்டும் சாப்பிடுவார். தொடாத மதுவுக்கு நாம் ஏன் பணம் கட்ட வேண்டும் என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான், என்னிடம் பதில் இல்லை. "பெரியவர்களுக்கு மட்டும்" என்பதை நாத்தனாரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அங்கே முகம் சுளிக்கும்படி ஏதும் இருக்குமா?

இன்னொன்றும் கேட்க வேண்டும். பிள்ளைகள் இல்லாமல் ஐந்து நாள் முழுக்க நாங்கள் இருவரும் என்ன பேசிக்கொண்டிருப்போம் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. போய்வந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள்.


வைகைக்கரை (அட்லாண்டா):

தங்கை, உங்கள் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். மற்றதை முதலில் முடித்துவிடுகிறேன்.

முகம் சுளிக்க ஒன்றும் இல்லை. குழந்தைகளுக்கு இடமில்லை என்பதுதான் அந்த வாசகத்தின் பொருள். நீச்சல் குளத்தில் கூச்சல் இருக்காது, சாப்பாட்டு அறையில் அழுகை இருக்காது, அவ்வளவே. ஆடை கட்டாயமில்லாத ரிசார்ட்டுகள் தனியாகச் சில உண்டு. அவர்கள் அதை மறைக்காமல் விளம்பரத்திலேயே சொல்லிவிடுவார்கள். பதிவு செய்வதற்கு முன் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டால் போதும். நாங்கள் தங்கிய இடத்தில் எங்களைவிட மூத்த தம்பதிகளே அதிகம். நான் சல்வாரோடு கடற்கரையில் நடந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மதுவைப் பற்றி உங்கள் கணவர் கேட்பது சரி. அந்தக் காசு திரும்பி வராது. ஆனால் நாங்கள் காலையிலிருந்து இரவுவரை தாமரிந்தோ நீர் குடித்தோம். புளியைக் கரைத்துச் சர்க்கரை சேர்த்த பானம். முதல் வாய் குடித்ததும் என் கணவர் "பானகம்" என்றார். புளிச்சைக் கீரை இனத்துச் செடி ஒன்றின் பூவடியிலுள்ள சிவந்த புல்லிதழை ஊறவைத்துச் செய்யும் சிவப்புப் பானத்துக்கு ஹமாய்க்கா என்று பெயர். அரிசியும் பட்டையும் ஊறவைத்து அரைப்பது ஓர்ச்சாத்தா. மூன்றும் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் எப்போதும் இருந்தன. அறைக்கு ஓர் இரவுக்கு 480 டாலர் கொடுத்தோம். மூன்று வேளைச் சாப்பாட்டையும் வெளியே வாங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்த்தோம். பெரிய நட்டமில்லை என்று தோன்றியது.

சைவத்துக்கு ஏமாறும் இடங்கள் உண்டு, கவனமாக இருங்கள். வேகவைத்து மசித்த கறுப்பு பீன்ஸ் பார்க்கச் சைவம்தான்; பல சமையலறைகளில் அதைப் பன்றிக் கொழுப்பில் தாளிக்கிறார்கள். அதன் பெயர் மன்தேகா. வெண்ணெய்க்கு மன்தேகியா. இரண்டும் காதுக்கு ஒன்றுபோலவே கேட்பதால் நான் இரண்டு முறை கேட்டுக்கொள்வேன். சிவப்புச் சோறு கோழிச்சாற்றில் வெந்திருக்கலாம், தக்காளி சூப்பும் அப்படியே. மக்காச்சோள ரொட்டியில் பயமில்லை; மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மாவு, வேறொன்றும் சேராது. கோதுமை ரொட்டியில் கொழுப்பு சேர்ப்பதுண்டு, கேட்டுவிடுங்கள். வந்த முதல் நாளே தலைமைச் சமையல்காரரைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். அவர் மேசைக்கே வந்து நின்று கேட்டார். மறுநாளிலிருந்து கள்ளி மடல் வதக்கல், பூசணிப்பூ அடைத்த சோள ரொட்டி, வாழைப்பழ வறுவல் என்று எனக்குத் தனியாகவே வந்தது. ஆபனேரோ மிளகாய்ச் சட்னியைக் கால் கரண்டிக்கு மேல் எடுக்காதீர்கள். நம் நாக்குக்கும் அது அதிகம்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் போனது 2023 டிசம்பர் முதல் வாரம். அந்த ஆண்டு மார்ச்சில் என் மாமியார் காலமானார். ஆறு ஆண்டுகள் எங்கள் வீட்டில் படுக்கையில் இருந்தார். அந்த ஆறு ஆண்டுகளில் நானும் என் கணவரும் சேர்ந்து ஓர் இரவுகூட வெளியே தங்கியதில்லை. ஒருவர் வெளியே போனால் ஒருவர் வீட்டில். எங்களுக்குள் பேச்சே மருந்து, மருத்துவர், பில் என்று இருந்து பழகிவிட்டதால், அம்மா போன பிறகு அவை நின்றதும் வீடு சத்தமில்லாமல் ஆகிவிட்டது.

ரிசார்ட்டில் முதல் நாள் காலை ஐந்து மணிக்கு விழித்துக்கொண்டேன். அது அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரம். கைகள் எதையோ தேடின. காலைச் சாப்பாட்டுக்குப் போனதும் பழக்கத்தில் அவருடைய தட்டை எடுத்துக்கொண்டு நான் எழுந்தேன். "நீ உட்கார்" என்று சொல்லிவிட்டு அவர் போனார். திரும்பி வரும்போது எனக்குப் பப்பாளித் துண்டுகளும், மேலே பிழிய எலுமிச்சையும் கொண்டுவந்தார். 29 ஆண்டுகளில் அவர் எனக்குத் தட்டு கொண்டுவந்தது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன். பப்பாளி எனக்குப் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

முதல் இரண்டு நாள் நாங்களும் அதிகம் பேசவில்லை. நிழல்குடையின் கீழ் அவர் தூங்கினார், நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு வேண்டியிருந்தது. என்ன சமைப்பது, யார் பாத்திரம் கழுவுவது, எங்கே போவது, எவ்வளவு கொடுப்பது என்ற எந்தக் கேள்வியும் இல்லாமல் இரண்டு நாள் இருந்தால்தான் உள்ளே இருப்பது மேலே வருகிறது. மூன்றாம் நாள் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு அவர் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அலை பெரிதாக இல்லை. தன் சிறுவயதில் அம்மா மானாமதுரைச் சந்தையில் மண்பானை பேரம் பேசியதைச் சொன்னார். நான் கேட்டிராத கதைகள். விரல் நுனி சுருங்கும்வரை நீரிலேயே நின்றோம்.

அதனால், என்ன பேசுவோம் என்று இப்போதே யோசிக்காதீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்தாலும் பதறாதீர்கள்.


உப்புக்காற்று (டாம்பா):

அக்கா எழுதியதற்கு மேல் நான் கடலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்தக் கடற்கரைக்கு நான்கு முறை போயிருக்கிறேன்.

சர்காசம் என்ற பழுப்பு நிற மிதவைப் பாசிதான் அங்கே பெரிய தொல்லை. 2011 முதல் வெப்பமண்டல அட்லாண்டிக்கில் பெருமளவில் வளர்ந்து கரீபியக் கரைகளில் ஒதுங்குகிறது. 2018இல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து மெக்சிகோ வளைகுடாவரை ஒரே பட்டையாக நீண்டதைச் செயற்கைக்கோள் படங்களில் கண்டார்கள். கரையில் குவிந்து அழுகினால் அழுகிய முட்டை வாடை வரும். நீரும் தேநீர் நிறமாகிவிடும். பொதுவாக ஏப்ரல் முதல் ஆகஸ்ட்வரை அதிகம். ஒருமுறை ஜூலையில் போய், ஐந்து நாளில் ஒரு நாள்கூடக் கடலில் கால் வைக்க முடியாமல் திரும்பினேன். ரிசார்ட் ஆட்கள் விடிவதற்கு முன்பே வாரத் தொடங்கிவிடுவார்கள். பத்து மணிக்குள் மறுபடி நிறைந்துவிடும். அந்த உழைப்பாளிகளைப் பார்க்கவே மனம் கனத்தது.

டிசம்பர் நல்ல முடிவு. சூறாவளிப் பருவமும் நவம்பர் 30உடன் முடிந்துவிடும். இடம் என்று கேட்டால், கான்கூனுக்கு வடக்கே பிளாயா முஹேரெஸ் பகுதியைச் சொல்வேன். எதிரே இஸ்லா முஹேரெஸ் தீவு மறைப்பாக நிற்பதால் பாசியும் குறைவு, அலையும் குறைவு. நீச்சல் தெரியாதவர்களும் பயமின்றி நிற்கலாம். தெற்கே துலும்வரை நீளும் கரை அழகுதான், ஆனால் திறந்த கடல். வடக்கில் வட காற்று வீசும் நாள்களில் மட்டும் கொஞ்சம் குளிரும். ஒரு சால்வை எடுத்துப் போங்கள்.

மெக்சிகோவில் கடற்கரை யாருக்கும் சொந்தமில்லை, பொதுச் சொத்து. ரிசார்ட்டின் எல்லைக் கயிற்றோடு நிற்க வேண்டியதில்லை. காலையில் இருவரும் கரையோடு தொலைதூரம் நடங்கள்.


பனங்காடு (சிகாகோ):

விமான நிலையத்தில் ஓர் எச்சரிக்கை. சுங்கச் சோதனை முடிந்து வெளிக்கதவுக்குப் போகும் நடையில் சீருடை போன்ற உடுப்போடு பலர் நின்று "உங்கள் வண்டி எது" என்று கேட்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் விடுமுறை வீட்டுப் பங்கு (டைம்ஷேர்) விற்பவர்கள். நிற்காமல் வெளியே நடந்துவிடுங்கள். பதிவு செய்த வண்டி வெளியில்தான் நிற்கும். நாங்கள் தங்கிய ரிசார்ட்டிலேயே ஒருவர் "காலைச் சாப்பாடு இலவசம், 90 நிமிடம்" என்று அழைத்துப் போய் மூன்றரை மணி நேரம் உட்காரவைத்துவிட்டார். ஐந்து நாளில் அரை நாள் போனது. அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. என்ன தருவதாகச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

கிரீன் கார்டோ, காலாவதியாகாத அமெரிக்க விசா முத்திரையோ இருந்தால் இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தனி மெக்சிகோ விசா தேவையில்லை. எச்-1பி வேலை விசாவில் இருந்து முத்திரை முடிந்துபோயிருந்தால், அமெரிக்கக் குடிவரவுத் துறை தரும் ஐ-797 ஒப்புதல் தாளை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள்.

ஒரே ஒரு நாள் ரிசார்ட்டைவிட்டு வெளியே போங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். மாயா மக்களின் பழங்கால நகரமான சிச்சென் இட்சா ஏறத்தாழ 200 கிலோமீட்டர். விடியற்காலையில் கிளம்பினால் வெயிலுக்கு முன் பார்த்துவிடலாம். குகுல்கான் பிரமிடின் நான்கு பக்கமும் பக்கத்துக்கு 91 படி, மேல்மேடையும் சேர்த்தால் 365. ஏற விடுவதில்லை. திரும்பும் வழியில் வயதோலித் என்ற ஊர்ப் பக்கம் ஒரு செனோட்டேயில் குளியுங்கள். சுண்ணாம்புப் பாறை உள்வாங்கி உண்டான கிணறு போன்ற குளம் அது. நீர் குளிர்ந்து தெளிந்திருக்கும். உடம்பில் வெயில் களிம்பு பூசியிருந்தால் கழுவிவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

அந்தக் குளத்தருகே ஒரு மரத்தின் தண்டில் குறுக்கும் நெடுக்குமாகப் பழைய வெட்டுத் தழும்புகளைப் பார்த்தேன். வழிகாட்டி மாயா இனத்தவர். வீட்டில் மாயா மொழிதான் பேசுவோம் என்றார். ஒரு காலத்தில் இந்த மரத்தைக் கீறிப் பாலெடுத்துக் காய்ச்சித்தான் சூயிங்கம் செய்தார்கள் என்று விளக்கினார். மரத்தின் பெயரைக் கேட்டேன். சிக்கோசபோத்தே. நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் அதே சப்போட்டா. அதன் தாய்நிலத்தில் நான் நிற்கிறேன் என்று புரிந்தபோது மரத்தைத் தொட்டுப் பார்க்காமல் நகர முடியவில்லை.


கரிசல்மண் (ஹூஸ்டன்):

மூவருக்கும் நன்றி. வைகைக்கரை அக்கா எழுதியதை நேற்று இரவு சாப்பாட்டு மேசையில் அவரிடம் வாசித்துக் காட்டினேன். பப்பாளி வரும் இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்ததும் இரண்டு தட்டுகளையும் எடுத்துப்போய்க் கழுவினார். இன்று காலை பிளாயா முஹேரெஸில் டிசம்பர் 3 முதல் 8 வரை பதிவு செய்துவிட்டோம். ஆறாம் தேதி சிச்சென் இட்சா. சப்போட்டா மரத்தைப் பார்க்க வேண்டும் என்று அவரே சொன்னார்.

அக்கா, சமையல்காரரிடம் சொல்ல வேண்டியதை ஸ்பானிய மொழியில் தமிழ் எழுத்திலேயே எழுதித் தருவீர்களா? மனப்பாடம் செய்துகொள்கிறேன்.


வைகைக்கரை (அட்லாண்டா):

மிகவும் மகிழ்ச்சி, தங்கை. நிறுத்தி நிதானமாகச் சொல்லுங்கள்: "சோய் வெஹெதாரியானா. சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ, சின் மன்தேகா, சின் கால்தோ தே போயோ, போர் ஃபவோர்." நான் சைவம், இறைச்சி, கோழி, மீன், பன்றிக் கொழுப்பு, கோழிச்சாறு எதுவும் வேண்டாம், தயவுசெய்து. உங்கள் கணவருக்கு முட்டை வேண்டுமானால் "கோன் வேவோ" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.