கோயில் 593, கட்டடம் 1963: எங்க குடும்ப குரூப்ல ஒரு காலை நேரச் சண்டை

நித்யா: குட் மார்னிங். அம்மாவும் நானும் ஒசாகால ஷிதென்னோஜி கோயில்ல இருக்கோம். மாசாமாசம் 21, 22 தேதில இங்க பெரிய சந்தை, அந்த ரெண்டு நாளும் உள்பிரகாரத்துக்கு டிக்கெட் கிடையாது, அதான் அம்மாவை இன்னைக்கே இழுத்துட்டு வந்துட்டேன்

நித்யா: [போட்டோ]

நித்யா: [போட்டோ]

சித்தி: சூப்பர்டா. பின்னாடி அது என்ன அவ்ளோ பெரிய கண்ணாடி பில்டிங்

நித்யா: அபேனோ ஹருகாஸ் சித்தி. 300 மீட்டர், 60 மாடி. 2014ல திறந்தாங்க. 2023 வரைக்கும் ஜப்பான்லயே அதுதான் உசரமான கட்டடம். இங்க எங்க நின்னு கோபுரத்தை போட்டோ எடுத்தாலும் அது வந்து நடுவுல நிக்கும்

அத்தை: ஓம் நமசிவாய. கோபுரம் அஞ்சு நிலையா? எந்த வருஷத்து கோயில்

நித்யா: ஆமா அத்தை அஞ்சு அடுக்கு. கோயில் 593ல ஆரம்பிச்சது, ஷோதோகுங்கிற இளவரசர் கட்டினது. ஜப்பான் அரசாங்கமே முன்ன நின்னு கட்டின முதல் புத்தர் கோயில்னு சொல்றாங்க

பிரவீன்: 593ஆ. பெயிண்ட் நேத்து அடிச்ச மாதிரி இருக்கே

பெரியப்பா: நித்யா, அந்த கோபுரத்துக் கொடுங்கைக்கு, அதான் வெளிய நீட்டிக்கிட்டு இருக்கற கூரை ஓரத்துக்கு, அடியில நின்னு மேல பாத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. க்ளோஸா.

நித்யா: [போட்டோ]

பெரியப்பா: நெனச்சேன். இது காங்கிரீட். மரத்துல இருக்கற தாங்குகட்டை மாதிரியே ஷட்டரிங் அடிச்சு வார்த்து சிவப்பு பெயிண்ட் அடிச்சிருக்கான். மரமா இருந்தா மூட்டு தெரியும், ரேகை தெரியும், வெடிப்பு தெரியும். இது வழவழன்னு இருக்கு பாரு

பிரவீன்: ஹாஹா மாட்டிக்கிட்டா. ஃப்ளைட் டிக்கெட் போட்டு சிமெண்ட் பாக்க போயிருக்காங்க

நித்யா: டேய். பெரியப்பா நீங்க சொல்றது கரெக்ட்தான். இப்ப நிக்கறது 1959ல கட்டின கோபுரம், உள்பிரகாரத்துல மத்த கட்டடமெல்லாம் சேர்த்து 1963ல முடிச்சாங்க, எல்லாமே காங்கிரீட். ஏன்னு கேளுங்க. 1934ல முரோதோ புயல்னு ஒண்ணு வந்து கோபுரத்தை அப்படியே சாய்ச்சுடுச்சு, திரும்ப மரத்துலயே கட்டி 1940ல முடிச்சாங்க, அஞ்சே வருஷம், 1945 மார்ச்ல அமெரிக்கா போட்ட குண்டுல எரிஞ்சே போச்சு. அதுக்கு முன்னாடி 1576ல நோபுநாகாங்கிற தளபதியோட சண்டைல எரிஞ்சது, 1614ல ஒசாகா கோட்டை முற்றுகைல எரிஞ்சது, 1801ல இடி விழுந்து எரிஞ்சது. இத்தனை தடவை எரிஞ்சப்புறம் இனிமே எரியாத மாதிரி கட்டுவோம்னு முடிவு பண்ணினா அதுல என்ன தப்பு

சித்தி: ஐயோ பாவம்

பெரியப்பா: தப்புன்னு நான் சொல்லல. ஆனா அதுக்கு போர்டுல 593ன்னு போட்டா எப்படி. கோயில் பழசு, கட்டடம் என் வயசை விட சின்னது.

அம்மா: அத்தான் நம்ம ஊர்ல மட்டும் என்னவாம். பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பாலாலயம் பண்ணி கும்பாபிஷேகம் பண்றோம், சுதை சிற்பமெல்லாம் புதுசா பண்ணி பளபளன்னு பெயிண்ட் அடிக்கறோம், அதுக்குன்னு கோயில் புதுசுன்னா சொல்றோம்

அத்தை: மல்லிகா சொல்றது சரி அண்ணே

பெரியப்பா: அம்மா மல்லிகா, அதுல மூலஸ்தானத்துக் கல்லை யாரும் தொடறதில்ல. மேல இருக்கற சுதை மாறும், கருவறை அதேதான். அதுலயும் நம்ம ஆளுங்க பண்ற கூத்து தனி. பழைய கருங்கல் தளத்தை பேத்துட்டு வழுக்கற கிரானைட் போடறது, கல்வெட்டு மேல மணலை பீச்சி க்ளீன் பண்றேன்னு எழுத்தையே அழிக்கறது. அதை நினைச்சா இவன் காங்கிரீட் எவ்வளவோ பரவால்ல

பிரவீன்: பெரியப்பா கட்சி மாறிட்டார்

பெரியப்பா: மாறல. ஒரு பேச்சுக்கு சொன்னேன்

பிரவீன்: இல்ல சீரியஸா, ஜப்பான்லயே ஈசேன்னு ஒரு ஷிந்தோ கோயில் இருக்குல்ல, ஷிந்தோன்னா அவங்களோட சொந்த மதம், அதை 20 வருஷத்துக்கு ஒரு தடவை அவங்களே பிரிச்சுட்டு பக்கத்து மனைல புதுசா கட்டறாங்க. கடைசியா 2013, அடுத்து 2033. அங்க மூலக் கட்டடம் இருபது வருஷத்துக்கு மேல நிக்கறதே கிடையாது, ஆனா கோயில் ஆயிரம் வருஷத்துக்கு மேலன்னு எல்லாரும் ஒத்துக்கறாங்க

பெரியப்பா: அங்க அதே மரம், அதே அளவு, அதே உளி. செய்முறை சாகறதில்ல. இங்க செய்முறையே மாறிப்போச்சே. இதுல எதுடா பழசு, அதை சொல்லுங்க

நித்யா: சொல்றேன் வெயிட். அம்மா ஒரு கடைல மாட்டிக்கிட்டாங்க

சித்தி: என்ன கடை என்ன கடை

நித்யா: [போட்டோ]

நித்யா: இரும்பு கெட்டில் சித்தி, இங்க தெத்சுபின்னு சொல்வாங்க. மேல புள்ளி புள்ளியா முள் மாதிரி வார்த்திருக்கு பாருங்க. அம்மா தமிழ்ல பேரம் பேசறாங்க, கடைக்கார தாத்தா ஜப்பானீஸ்ல பதில் சொல்றார், ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்காங்க, நான் நடுவுல எதுக்குன்னு தெரியல

அம்மா: மூடி கொஞ்சம் ஆடுது. அதான் குறைக்க சொன்னேன்

நித்யா: பெரியப்பா இப்ப உங்களுக்கு. முதல் விஷயம் ப்ளான். தெற்குலேர்ந்து வாசல், அப்புறம் கோபுரம், அப்புறம் பொன் மண்டபம், அப்புறம் பிரசங்க மண்டபம், நாலும் ஒரே நேர்கோட்டுல, சுத்தி திருச்சுத்து மாளிகை. இந்த அமைப்புக்கே ஷிதென்னோஜி முறைன்னுதான் பேர். எத்தனை தடவை எரிஞ்சாலும் நாலையும் இதே வரிசையில திரும்பத் திரும்ப எழுப்பியிருக்காங்க. கொரியாவோட பேக்சே ராஜ்யத்துலேர்ந்து வந்த முறை இது

பெரியப்பா: ம். இது நியாயமான பாயிண்ட்

நித்யா: ரெண்டாவது ஆளுங்க. கோயில் கட்டறதுக்குன்னே பேக்சேலேர்ந்து தச்சர்களை ஷோதோகு வரவழைச்சார்னு சொல்றாங்க. அதுல கொங்கோன்னு ஒருத்தர் இங்கயே தங்கிட்டார். 578ல ஆரம்பிச்ச அந்த குடும்பத்து கம்பெனி கொங்கோ குமி, 2006 வரைக்கும் அவங்க கையிலயே இருந்துச்சு, 1400 வருஷத்துக்கும் மேல. அப்புறம் கடன்ல மாட்டி இன்னொரு கட்டுமான கம்பெனிக்கு கீழ போயிடுச்சு. ஆனா பேரும் வேலையும் இன்னும் இருக்கு. இப்பவும் ஜனவரி 11ஆம் தேதி இந்த கோயில்ல வாய்ச்சி (மரம் செதுக்கற தச்சர் ஆயுதம்) பூஜை மாதிரி ஒண்ணு பண்ணித்தான் அந்த வருஷத்து வேலையை ஆரம்பிக்கறாங்க

அத்தை: நம்ம ஸ்தபதிங்க ஆயுத பூஜைக்கு உளி வச்சு கும்பிடற மாதிரி

சித்தி: ரியல் எஸ்டேட்ல விட்டிருப்பாங்க

நித்யா: அதேதான் சித்தி, நிலம் விலை ஏறின காலத்துல வாங்கினது, அப்புறம் விலை இறங்கிடுச்சு

நித்யா: இன்னொண்ணு கேளுங்க. அந்த குடும்பத்துல 37ஆவது தலைமுறைக்காரர் வேலை இல்லாம நொடிச்சுப்போய் முன்னோர் சமாதி முன்னாடியே உயிரை விட்டுட்டார், 1930கள் ஆரம்பத்துல. அதுக்கப்புறம் அவர் மனைவி யோஷியே 38ஆவது தலைவரா வந்தாங்க. அதுவரைக்கும் ஒரு பொம்பளையும் அந்த இடத்துல உக்காந்ததில்ல. அந்த சமயம் பாத்து 1934 புயல் கோபுரத்தை சாய்ச்சது. திரும்ப கட்டற வேலை அந்தம்மா தலைமைலதான் நடந்து 1940ல முடிஞ்சது

அத்தை: அடடா. தைரியசாலி

சித்தி: அதுதான் 45ல எரிஞ்சதா??

நித்யா: அதேதான்

சித்தி: போடி. காலைலயே மனசு கஷ்டமா போச்சு

பெரியப்பா: அஞ்சு நிலை மரக் கோபுரம்னா சாமான்யம் இல்ல. நடுத்தூண் ஒண்ணே அந்த உசரத்துக்கு வேணும், அந்த மரத்தை தேடி கொண்டு வரதே ஒரு வேலை. சரி, நான் கிண்டல் பண்ணதை வாபஸ் வாங்கிக்கறேன், கொடுங்கையை மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்

பிரவீன்: மரக் கோபுரம்னா நிலநடுக்கத்துல விழாதுன்னு யூடியூப்ல பாத்தேனே

பெரியப்பா: நிலநடுக்கத்துக்கு அசைஞ்சு கொடுக்கும். காத்து வேற, தீ வேற. யூடியூப்காரன் பாதிதான் சொல்லுவான்

நித்யா: அப்புறம் நிஜமாவே பழசும் இருக்கு பெரியப்பா. மேற்கு வாசல்ல கல் தோரணம், 1294ல வச்சது. [போட்டோ] அதுக்கு முன்ன மரத்துல இருந்ததாம். வடக்குப் பக்கம் ரொகுஜிதோ மண்டபம் 1623, மரம், குண்டுல தப்பிச்சது. அதோட கொடுங்கையும் எடுத்திருக்கேன் [போட்டோ] இதுல மூட்டு தெரியுதா

பெரியப்பா: ஆஹா. இதை ஜூம் பண்ணி பாத்துக்கிட்டே இருக்கலாம். கட்டை மேல கட்டை எப்படி உக்காந்திருக்கு பாரு, கூரை பாரம் அத்தனையும் அது வழியாத்தான் தூணுக்கு இறங்குது. இன்னும் நாலு போட்டோ எடும்மா. மூலையில இருக்கறதை எடு, மூலையிலதான் தச்சன் கை தெரியும்

அத்தை: தோரணவாசல் ஷிந்தோ கோயிலுக்குத்தானே, புத்தர் கோயில்ல எப்படி

நித்யா: அந்தக் காலத்துல ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணாத்தான் இருந்துச்சு அத்தை, மெய்ஜி காலத்துல, 1868 வாக்குல, அரசாங்கம் பிரிச்சப்பதான் தனித்தனியாச்சு. இந்த தோரணம் மேற்கு பாத்திருக்கு, அதுக்கு அந்தப் பக்கம் அமிதாப புத்தரோட சொர்க்கம்னு நம்பிக்கை. மார்ச்லயும் செப்டம்பர்லயும் பகலும் ராத்திரியும் சமமா வர நாள்ல சூரியன் சரியா தோரணத்துக்கு நடுவுல இறங்கும், அதைப் பாத்து தியானம் பண்ண கூட்டம் கூடும். அந்தக் காலத்துல கடல் இந்த மேட்டுக்கு அடிவாரம் வரைக்கும் இருந்துச்சாம், இப்ப அந்தப் பக்கம் பூரா அபார்ட்மெண்ட்

நித்யா: தோரணம் தாண்டினா மேற்கு வாசல் கட்டடம், அது 1962. மத்சுஷிதா கொனொசுகே கட்டிக் கொடுத்தது, அதாவது பானாசோனிக் கம்பெனியை ஆரம்பிச்சவர்

பிரவீன்: டியூப்லைட்ல உபயம்னு பேர் எழுதியிருக்காரா

நித்யா: 😂 இல்லடா. ஆனா தூண்ல சின்ன சக்கரம் பதிச்சிருக்கு, தர்ம சக்கரம், போறவங்க வரவங்க எல்லாம் ஒரு சுத்து சுத்திட்டு போறாங்க. அம்மா நாலு தூணும் போய் சுத்திட்டு வந்துட்டாங்க

அத்தை: உள்ள என்ன சாமி

நித்யா: பொன் மண்டபத்துல கன்னோன், அதாவது அவலோகிதேஸ்வரர். சுத்தி நாலு திசைக்கும் நாலு ராஜாக்கள் காவல். கோயில் பேரே அவங்களாலதான். 587ல புத்த மதம் வேணுமா வேண்டாமான்னு சோகா குடும்பத்துக்கும் மோனோனோபே குடும்பத்துக்கும் சண்டை, அதுல ஷோதோகு சின்னப் பையன், ஒரு மரத்துண்டுல நாலு ராஜாவையும் செதுக்கி தலைமுடில சொருகிக்கிட்டு ஜெயிச்சா கோயில் கட்டறேன்னு வேண்டிக்கிட்டாராம், ஜெயிச்சார், கட்டினார். உள்ள போட்டோ எடுக்கக் கூடாது, அதனால அனுப்ப முடியல. வடக்கு ராஜா வைஸ்ரவணர், நம்ம குபேரன்தான், இங்க இரும்புக் கவசம் போட்டு கையில குட்டி கோபுரம் வச்சிருக்கார்

அத்தை: குபேரனா! மல்லிகா நல்லா வேண்டிக்க. மத்த மூணு பேர்

நித்யா: தெற்கு விரூடகர், மேற்கு விரூபாக்ஷர், கிழக்கு திருதராஷ்டிரர்

அத்தை: கௌரவங்க அப்பாவா???

நித்யா: பேர் மட்டும்தான் அத்தை, ஆள் வேற. இவருக்கு கண்ணு நல்லாத் தெரியும், முறைச்சுப் பாத்துக்கிட்டு நிக்கறார்

சித்தி: கோயிலோட ஆஸ்பத்திரியும் இருந்துச்சாமே, எங்க டியூட்டி ரூம்ல ஒரு டாக்டர் சொன்னார்

நித்யா: ஆமா சித்தி. ஷோதோகு கோயிலோடவே வைத்தியசாலை, மருந்துசாலை, ஆதரவு இல்லாதவங்களுக்கு ஒரு இல்லம்னு சேர்த்து ஆரம்பிச்சார்னு வரலாறு. இப்பவும் கோயில் பேர்ல ஆஸ்பத்திரி நடக்குது, ஸ்கூல், யுனிவர்சிட்டியும் இருக்கு

அம்மா: இங்க ஒரு குளம் இருக்கு, குளம் பூரா ஆமை. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வெயில் காயுது. காதுகிட்ட சிவப்புக் கோடு

பிரவீன்: அது அமெரிக்கா ஆமைம்மா. குட்டில வாங்கி வளர்த்துட்டு பெருசானதும் கொண்டு வந்து விட்டிருப்பாங்க. 2023லேர்ந்து அதை வெளில விடறதே அங்க சட்டப்படி குத்தம்

பெரியப்பா: குண்டு போட்டவன் ஊர் ஆமைக்கு கோயில் குளத்துல இடம். நல்லா இருக்கு

நித்யா: அத்தை உங்களுக்கு ஒண்ணு சொல்லணும். இங்க கமெய்தோன்னு ஒரு சின்ன மண்டபம் இருக்கு, உள்ள ஆமை வடிவத்துல கல்தொட்டி, பொன் மண்டபத்துக்கு அடியிலேர்ந்து ஊத்துத் தண்ணி வந்து அதுல விழுதுன்னு சொல்றாங்க. காகிதம் மாதிரி மெல்லிசா சீவின மரச்சீவல்ல இறந்தவங்க பேரை எழுதி அந்த தண்ணில விடறாங்க. இப்ப வரிசைல நிறைய பேர், பாதி பேர் கையில சந்தைல வாங்கின வெங்காயத்தாள் பை

அத்தை: நம்ம கும்பகோணத்துல அமாவாசைக்கு மகாமகக் குளக்கரை மாதிரி

அத்தை: நித்யா

அத்தை: உங்க மாமா பேரை எழுதலாமா. நாம வேற மதம்னு ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே

நித்யா: அதெல்லாம் கேக்க மாட்டாங்க அத்தை. இந்த கோயில் வேற எந்த பிரிவுக்கும் கீழ இல்ல, 1949ல தெந்தாய் பிரிவுலேர்ந்து தனியா வந்துட்டாங்க, எல்லாரும் வரலாம்னுதான் வச்சிருக்காங்க

பெரியப்பா: எழுதச் சொல்லு. அவரு ஊர் சுத்தறதுன்னா விடமாட்டார்

அத்தை: தமிழ்ல எழுத முடியுமா. இங்கிலீஷ்ல எழுதினா அவருக்கு பிடிக்காது, பேங்க்லயே தமிழ்லதான் கையெழுத்து போடுவார்

நித்யா: கேட்டுட்டு வரேன்

சித்தி: மாமா மட்டும் இல்ல, பாட்டி பேரும் எழுதும்மா

அத்தை: அவர் வேட்டிக்கு கஞ்சி போட்டு இஸ்திரி போட்டாத்தான் வெளில கிளம்புவார், ஜப்பான்காரங்களும் அப்படித்தான்னு டீவில காட்டுவாங்க. ஒத்துப்போகும்

நித்யா: அத்தை, பேர் சொல்லுங்க அவங்க முறைப்படி அவங்களே எழுதிக்கறோம்னாங்க. நான் ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதிக் காட்டினேன், அந்தப் பொண்ணு ரொம்ப நேரம் பாத்துட்டு, சரி நீங்களே எழுதுங்கன்னு பிரஷ்ஷை கையில கொடுத்துட்டா. அம்மா எழுதினாங்க. பாட்டி பேரும் எழுதியாச்சு

அம்மா: பிரஷ்ல ழ வரவே மாட்டேங்குது அண்ணி. ரெண்டு தரம் சுழிச்சு எழுதினேன்

அத்தை: போதும் மல்லிகா. போதும்மா

நித்யா: மணி அடிக்கற மண்டபத்துலயும் போய் அடிச்சுட்டு வரோம்

பெரியப்பா: அங்க பெரிய மணி ஒண்ணு இருக்கணுமே, உலகத்துலயே பெருசுன்னு எங்க காலத்து புஸ்தகத்துல படிச்ச ஞாபகம்

நித்யா: அது இப்ப இல்ல பெரியப்பா. போர்ல பீரங்கி செய்ய உலோகம் வேணும்னு உருக்கிட்டாங்க. மணிக்குன்னு கட்டின மண்டபம் மட்டும் நிக்குது, போர்ல செத்தவங்க நினைவா மாத்திட்டாங்க

பெரியப்பா: சரிதான்

நித்யா: நாளைக்கு 22, ஷோதோகு நினைவு நாள் விழா. ஆமைக் குளத்துக்கு நடுவுல ஒரு கல்மேடை இருக்கு, அதுல பழைய காலத்து முகமூடி நடனம் மத்தியானம் ஆரம்பிச்சு சாயங்காலம் வரைக்கும் ஆடுவாங்க. நான் லீவு போட முடியாது, அம்மா மட்டும் வரேன்னு சொல்றாங்க

சித்தி: தனியாவா?? பாஷை தெரியாம

அம்மா: கெட்டில் தாத்தா நாளைக்கும் கடை போடுவாராம். அவர் பக்கத்துல உக்காந்துக்கறேன். விலையை இன்னும் அவர் முடிக்கல

பிரவீன்: அம்மா லக்கேஜ் 23 கிலோதான், ஞாபகம் வச்சுக்கோங்க. அப்படியே பழைய ரெக்கார்ட் ப்ளேட் கடை இருந்தா பாருங்க

பெரியப்பா: மல்லிகா, நாளைக்கு போனா அந்த ரொகுஜிதோ மூலைக் கொடுங்கை. மறக்காம. நடனத்தை வீடியோ எடுக்காட்டி பரவால்ல