கொலூவியத்துக்குத் தமிழ் என்ன? வியாழக்கிழமைக்குள் வேண்டும்

ஹட்டனிலிருந்து, ஆசிரியை:

குழுவில் உள்ள எல்லோருக்கும் வணக்கம். உயர்தர மாணவர்களை அடுத்த மாதம் ஹோட்டன் சமவெளிக்கும் பண்டாரவளைக்கும் கூட்டிப் போகிறோம். மண்ணைப் படித்து மனிதர் வந்த வழியைத் தேடுவது எப்படி என்று பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு. வியாழன் இரவு அச்சகத்துக்குப் போயாக வேண்டும். புவித்தொல்லியல் என்று தலைப்பு வைத்துவிட்டேன், தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள். மகரந்தப் பகுப்பாய்வு, ஒளிர்வுக் காலக்கணிப்பு எல்லாம் சமாளித்தாயிற்று. கொலூவியம்தான் இடிக்கிறது.

ஆறு கொண்டுவந்து போட்டால் வண்டல். ஆறில்லாமல், மழையும் மண்ணின் பாரமும் சேர்ந்து சரிவிலிருந்து இறக்கி அடிவாரத்தில் சேர்க்கிற மண்ணுக்கு என்ன சொல்? பண்டாரவளை மேடுகளில் கிடைத்த குட்டிக் குட்டி குவாட்ஸ் (படிகக்கல்) கருவிகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரு கல் செய்த இடத்திலேயே கிடக்கிறதா, மேலிருந்து உருண்டு வந்ததா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. சொல் இல்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்க முடியவில்லை. வரைவை இணைத்திருக்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தங்கச்சி, சொல் இருக்கிறது, தேடத்தான் ஆளில்லை. மலைப்பக்கத்துக்குச் சங்கத் தமிழில் அடுக்கம் என்று பெயர், கவான் என்றும் பெயர். கவானுக்குத் தொடை என்ற பொருளும் உண்டு. மலையின் தொடையில் வழிந்து நிற்பது கவான்மண். அது பிடிக்காவிட்டால் அடுக்கப்படிவு. சரிவும் அதிலே இருக்கிறது, அடுக்கும் இருக்கிறது.

இன்னொன்று. தோட்டங்களில் வடிகாலைக் கான் என்கிறார்களே, அது கவானின் தேய்வு என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம். மலைத்தொடையை வெட்டித்தானே கான் போடுகிறார்கள்?

கோவையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, கான் வேறொன்றுமில்லை, கால்தான். நாங்கள் வடிகால் என்கிறோம், நீங்கள் வடிகான் என்கிறீர்கள். அதற்காகத் தொடைவரை போக வேண்டியதில்லை.

என் ஓட்டு சரிவுப்படிவுக்கு. யாருக்கும் விளக்கவுரை வேண்டாம். அப்புறம், வரைவில் "மூன்றாம் படையில் கருவிகள்" என்று படித்ததும் ஏதோ சோழர் படையெடுப்பு என்று நினைத்துவிட்டேன். அடுக்கு என்று மாற்றலாமே. காபனையும் கார்பன் ஆக்கினால் இங்கேயும் படிப்பார்கள்.

ஹட்டனிலிருந்து, ஆசிரியை:

எங்கள் பிள்ளைகள் ஓசோன் படை என்று படித்து வளர்ந்தவர்கள். பரீட்சைத் தாளில் படையும் காபனும்தான் வரும். அதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை, மனமும் இல்லை. கொலூவியத்துக்கு வாருங்கள்.

பேராதனையிலிருந்து, புவிச்சரிதவியல் படிப்பிப்பவர்:

டீச்சர், சொல்லுக்கு முன்னால் பொருளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்வோம். கொலூவியத்தில் இருப்பதெல்லாம் இடம் மாறியவை. கல், கரித்துண்டு, மணல் எல்லாமே. அதனால் காலக்கணிப்பிலும் சிக்கல் வரும்.

ஒளிர்வு முறையில் நாம் கேட்பது, இந்தக் குவாட்ஸ் துணிக்கை கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று. மண்ணுக்குள் இருக்கும்போது சுற்றியுள்ள கதிர்வீச்சால் அதில் இலத்திரன்கள் (எலக்ட்ரான்கள்) சிறைப்பட்டுக்கொண்டே வரும். வெயில் பட்டால் சிறை காலி, கணக்கு பூச்சியத்துக்கு வரும். அதற்காகத்தான் இரும்புக் குழாயை மண்சுவரில் அடித்து, இரண்டு முனையையும் மூடி, சிவப்பு வெளிச்ச அறையில் போய்த் திறக்கிறோம். ஆனால் சரிவில் கட்டி கட்டியாக, கலங்கிய சேற்றோடு இறங்கும் மண்ணில் எல்லாத் துணிக்கைக்கும் வெயில் படாது. பழைய கணக்கு மீதி நிற்கும். உண்மையைவிட அதிக வயது காட்டும். பாகியங்கலைக் குகையில் சுமார் 48,000 ஆண்டுக்கு முன்பே மனிதர் இருந்தார்கள் என்று சொல்கிறோம். குகைக்குள் ஒழுங்காக அடுக்கடுக்காகப் படிந்திருப்பதால் அதைத் துணிந்து சொல்ல முடிகிறது. வெளிச்சரிவில் கிடைக்கும் ஒரு கல்லை வைத்து அப்படி அடித்துச் சொல்ல முடியாது.

ஆகவே சொல்லில் அசைவு தெரிய வேண்டும். அடுக்கம் அசையவில்லை. கவான் எனக்கே புரியவில்லை.

பண்டாரவளையிலிருந்து:

சரிவுப்படிவு வேண்டாம். கோவை அண்ணாவுக்குத் தெரியாமல் இருக்கலாம், இங்கே சரிவு என்பது மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களின் மேல் மலை வந்து விழுந்தது. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் இந்தப் பயணத்தில் வருவார்கள். ஒரு நிமிடத்தில் வருவதையும் ஆயிரம் மழைக்காலம் எடுத்து வருவதையும் ஒரே சொல்லால் சொல்வது அறிவியலுக்கும் சரியில்லை, எங்களுக்கும் சரியில்லை.

கோவையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

மன்னிக்கவும். என் ஓட்டைத் திரும்பப் பெறுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அசைவு வேண்டுமென்றால் மலைபடுமண். உரைகாரர் மலைபடு திரவியம் என்று ஐந்தைச் சொல்வார்கள்: மிளகு, கோட்டம், அகில், தக்கோலம், குங்குமம். படுதல் என்றால் தோன்றுதல். மலையில் தோன்றி வந்த மண்.

பேராதனையிலிருந்து:

ஐயா, மலைநாட்டில் எந்த மண்தான் மலையில் தோன்றவில்லை?

மஸ்கெலியாவிலிருந்து:

நான் பேசாமல் படித்துக்கொண்டிருப்பவன், இது முதல் கடிதம். அம்மா தோட்டத்தில் வேலை செய்தவர். கான் வெட்டப் போன நாளில் வந்து, "மேல நிரையில இருந்து எறங்குன மண்ணு அம்புட்டும் கானுக்குள்ள" என்பார். டீச்சர் கேட்பது அந்த மண்ணைத்தானே? இறங்கின மண்.

ஹட்டனிலிருந்து, ஆசிரியை:

இறங்குமண்! வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு மாதிரி. முன்பு இறங்கியது, இப்போது இறங்குவது, இனி இறங்கப் போவது, மூன்று காலமும் ஒரே சொல்லில். எனக்குப் போதும்.

பேராதனையிலிருந்து:

எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இப்போது ஒரு ஆசை வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். இறங்கு தன்வினை, இறக்கு பிறவினை. மகாவலி ஆற்றின் மேற்படுகையில், விண்கதிர் பட்டு மணலில் உண்டாகும் பெரிலியம்-10 அணுக்களைக் கொண்டு அளந்து 2003இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மனிதர் கை படாத காலத்து அரிப்பு, ஆண்டுக்குச் சதுர கிலோமீற்றருக்கு 13 முதல் 30 தொன். அந்த ஆய்வுக் காலத்தில் ஆறுகள் சுமந்தது 130 முதல் 2,100 தொன். காடு வெட்டிக் கோப்பி, பிறகு தேயிலை, மரக்கறி என்று நாம் செய்த வேலை. அடிவாரத்துக் குழியை வெட்டினால் பழைய மண்ணின் மேல் இந்தப் புதுமண் கிடக்கும். பழையது தானாக இறங்கியது, இறங்குமண். புதியது நாம் இறக்கியது, இறக்குமண். ஒரே எழுத்து மாற்றத்தில் இருநூறு வருட வரலாறு.

கோவையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

அழகு. ஆனால் மாணவர் எழுதும்போது ங்கு எங்கே, க்கு எங்கே என்று தடுமாறுவார். திருத்துகிறவருக்கும் தூக்கம் வரும் நேரம்.

மஸ்கெலியாவிலிருந்து:

இன்னொரு சந்தேகம் சேர். நாம் இறக்கியது என்றால் யார்? அம்மா அந்த மண்ணைக் கானிலிருந்து அள்ளி மேலே போட்டவர்.

பேராதனையிலிருந்து:

தம்பி சொல்வது சரி. "நாம்" என்று அவசரப்பட்டு எழுதிவிட்டேன். காட்டை வெட்டச் சொன்னவர்கள் வேறு.

யாழ்ப்பாணத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இறங்குமண் பேச்சுச் சொல், அவ்வளவுதான். பெயரடை ஆக்கிப் பாருங்கள், இறங்குமண் சார்ந்த படிவு, இறங்குமண்ணியல்... நாக்கு இடறும். கலைச்சொல் கிளைக்க வேண்டும். அடுக்கப்படிவுதான் கிளைக்கும். என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

பண்டாரவளையிலிருந்து:

இறங்குமண்ணுக்கு என் ஓட்டு. தூங்கப் போகிறேன்.

ஹட்டனிலிருந்து, ஆசிரியை:

வியாழன் இரவு 11.20. இறங்குமண் என்று போட்டு அனுப்பிவிட்டேன். ஏழாம் பக்கத்து அடிக்குறிப்பில், "சிலர் அடுக்கப்படிவு என்பர்" என்றும் சேர்த்திருக்கிறேன், ஐயாவுக்காக. இறக்குமண் இந்தப் பதிப்பில் இல்லை. குழி வெட்டிப் பார்த்த பிறகு பிள்ளைகளே கேட்டால் அடுத்த பதிப்பில் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்திலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அடிக்குறிப்புக்கு நன்றி. கான் பற்றி நான் எழுதியதற்கு ஒருவரும் ஒழுங்காக மறுப்புச் சொல்லவில்லை என்பதையும் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். லகரம் னகரமாகத் திரிவதற்கு உதாரணம் தருகிறவர் யார்?