வெள்ளத்தில் ஊறிக் கட்டியாகிப்போன பழைய போட்டோக்கள்: பிரிக்க வழி உண்டா?

பொருநைக்கரை | 20 ஜனவரி 2024

வணக்கம். டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் வீடுகளில் சேறு அள்ளப் போன நாங்கள் நாலு பேர், ஓர் ஆச்சியிடம் வாய் கொடுத்து மாட்டிக்கொண்டோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது தூக்கிப் போட்டுவிடலாம் என்று திண்ணையில் ஒதுக்கி வைத்திருந்த போட்டோக்களைப் பார்த்து, “நாங்க சரிபண்ணித் தாறோம் ஆச்சி” என்று சொல்லிவிட்டோம். சேதி பரவி, இப்போது 5 வீட்டுப் படங்கள் என் மேசையில் கிடக்கின்றன. காசு வாங்கவில்லை. ஆனால் கெடுத்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது.

பயத்துக்குக் காரணம் உண்டு. முப்பது கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒரே கட்டாக, செங்கல் மாதிரி காய்ந்திருக்கின்றன. மேலே இருந்ததைக் கத்தி விட்டு நெம்பினேன். படம் வந்தது, முகம் வரவில்லை. முகம் அடுத்த படத்தின் மேல் ஒட்டிக்கொண்டது. அதோடு நிறுத்திவிட்டேன்.

இன்னொன்று, சட்டம் போட்ட படம். கண்ணாடியோடு அப்படியே ஒட்டிவிட்டது. ஆச்சியின் அக்கா, கல்யாணத்துக்கு முன்னால் எடுத்ததாம். வேறு பிரதி கிடையாது. ஃபோனில் படம் பிடித்து, முகத்தைத் தெளிவாக்கும் ஏ.ஐ. செயலி ஒன்றில் போட்டுக் காட்டினேன். தோல் பளபளவென்று, கண் பெரிதாக, சினிமா நடிகை மாதிரி வந்தது. ஆச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு, “ஏய்யா, இது யாரு?” என்றார்.

இந்த இரண்டுக்கும் யாராவது வழி சொல்லுங்கள்.

மலைக்கோட்டை | 20 ஜனவரி

ஈரப் படம் என்றால் உடனே ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைக்க வேண்டும், பூஞ்சை பிடிக்காது. நிதானமாக எடுத்துப் பிரிக்கலாம்.

பொருநைக்கரை | 20 ஜனவரி

அது எனக்கு ஒரு மாதம் முன்னால் தெரிந்திருக்க வேண்டும் :( எல்லாம் காய்ந்துவிட்டது.

கூழாங்கல் | 20 ஜனவரி

மேலே துணி போட்டு இஸ்திரிப்பெட்டியை லேசாக வைத்து எடுங்கள். சூட்டில் விட்டுவிடும்.

ஹைப்போ வாளி | 21 ஜனவரி

தம்பி, இஸ்திரிப்பெட்டி பக்கமே போக வேண்டாம். கோவில்பட்டிப் பக்கம் 30 வருடம் ஸ்டூடியோ நடத்தியவன், டார்க் ரூமிலேயே பாதி ஆயுள் போனது. சொல்கிறேன், கேளுங்கள்.

போட்டோத் தாளின் மேல் படம் நிற்பது ஜெலட்டினில். ஜெலட்டின் தண்ணீரில் ஊறும், காயும்போது பக்கத்தில் எது இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். நாங்கள் அதை வைத்துத்தான் பளபளப்பே ஏற்றினோம். ஈரப் பிரிண்டைக் குரோமியம் பூசிய பிளேட்டில் கவிழ்த்து, ரோலர் உருட்டிக் காயவைப்போம். காய்ந்ததும் டப் டப் என்று தானே விட்டு விழும். கிளேசிங் என்று பெயர். உங்கள் சட்டக் கண்ணாடியிலும் அதேதான் நடந்திருக்கிறது. என்ன, எங்கள் பிளேட் சுத்தமாக இருக்கும், அதனால் விடும். சேறு படிந்த கண்ணாடி விடாது. அந்தப் படத்தைப் பிரிக்க முயலாதீர்கள். கண்ணாடியோடேயே இருக்கட்டும், கண்ணாடி வழியாகவே பிரதி எடுங்கள்.

கட்டுக்கு வருவோம். ஒட்டவைத்தது தண்ணீர், பிரிப்பதும் தண்ணீர்தான். முதலில் வெளியே தெரிவதையெல்லாம், முன்னும் பின்னும், ஃபோனிலாவது எடுத்து வையுங்கள். பின்பக்கம் பேனா மையில் பெயர், தேதி எழுதியிருந்தால் தண்ணீரில் கரைந்துவிடும். பிறகு, ஏற்கெனவே கெட்டுப்போன ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஐந்து நிமிடம் பொறுத்துத் தொட்டுப் பாருங்கள். சளி மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தால் பூஞ்சை ஜெலட்டினைத் தின்றுவிட்டது என்று பொருள், ஊறவைக்கக் கூடாது. கெட்டியாக நின்றால் ஊறவையுங்கள். பானைத் தண்ணீர் போதும், வெந்நீர் கூடவே கூடாது. அரை மணிக்கு ஒருதரம் கட்டை மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஓரம் வாய் திறக்கும். அப்போதும் இழுக்காதீர்கள், தண்ணீருக்குள்ளேயே வைத்து விலக்குங்கள். விடாவிட்டால் இன்னும் ஊறட்டும். அவசரப்பட்ட கைக்கு முகம் மிஞ்சாது, உங்களுக்கே தெரியும்.

கடைசியாக ஒருதரம் ஆர்.ஓ. தண்ணீரில் அலசுங்கள். உங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் உப்புப் பூத்துவிடும். படம் மேலே பார்க்கும்படி பழைய வேட்டியில் பரப்பி நிழலில் காயவிடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், எழுத்து ஏறிவிடும். கையால் வர்ணம் தீட்டிய படமும் கம்ப்யூட்டர் பிரிண்டும் தண்ணீரைப் பார்க்கவே கூடாது. கலர்ப் படங்களைத் தனியே வைத்துவிட்டு வந்து கேளுங்கள், அது வேறு கதை.

பூஞ்சையைத் தட்டும்போது மாஸ்க் போடுங்கள். நான் போட்டதில்லை, இப்போது இருமுகிறேன்.

நெல்லிக்காய் | 21 ஜனவரி

ஐயா சொல்வது சரி. 2011 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஜப்பானில் தன்னார்வலர்கள் லட்சக்கணக்கான போட்டோக்களை இப்படித்தான் தண்ணீரில் கழுவி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்து, ஊர்க்காரர்கள் வந்து தேடி எடுத்துக்கொள்ளட்டும் என்று பரப்பி வைத்தார்கள்.

ஸ்கேன் பற்றி நான் சொல்கிறேன், என் பிழைப்பே அதுதான். கண்ணாடிப் படத்துக்கு உங்கள் வீட்டு ஆல் இன் ஒன் பிரிண்டரை நம்ப வேண்டாம். அதில் பெரும்பாலும் சி.ஐ.எஸ். சென்சார் இருக்கும். தாள் கண்ணாடியை ஒட்டிக் கிடந்தால்தான் தெளிவாக எடுக்கும், 2 மி.மீ. தள்ளிப் போனாலே மங்கிவிடும். சி.சி.டி. ஸ்கேனர் கிடைத்தால் நல்லது, அது கொஞ்சம் தள்ளி இருப்பதையும் தெளிவாக எடுக்கும். இல்லையென்றால் கேமரா: இருட்டு அறை, இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி. இல்லாவிட்டால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும்.

கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலரிலேயே ஸ்கேன் செய்யுங்கள். நுணுக்கம் 600 டி.பி.ஐ., தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் கோப்பு. ஏன் கலர்? சேற்றுக் கறை மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறச் சேனல்களைத் தனித்தனியாகப் பிரித்தால் நீலச் சேனலில் கறை கன்னங்கரேலென்று தெரியும், சிவப்புச் சேனலில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். சிவப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் வேலையில் பாதி முடிந்தது. தொடாத முதல் ஸ்கேனைத் தனி ஃபோல்டரில் பூட்டி வையுங்கள். எல்லாத் திருத்தமும் தனி லேயரில், அதாவது படத்தின் மேல் தனி அடுக்காக, வேண்டாமென்றால் அணைத்துவிடலாம்.

பொருநைக்கரை | 27 ஜனவரி

அண்ணாச்சிக்குக் கோடி நன்றி. முப்பதில் 23 முழுசாகப் பிரிந்துவிட்டன! மூன்று மணி நேரம் ஊறியும் ஒன்றும் நடக்காமல், நாலாவது மணி நேரத்தில் ஓரம் விட்டது. தண்ணீருக்குள் ஒரு படம் இன்னொன்றை விட்டு விலகும்போது கை நடுங்கியது. நாலு படம் போய்விட்டது, மூன்று பாதி.

கண்ணாடிப் படத்தையும் கேமராவில் எடுத்துவிட்டேன், சிவப்புச் சேனல் மந்திரம் மாதிரி வேலை செய்தது. ஏ.ஐ. இல்லை, பக்கத்துப் பகுதியை வைத்துக் கறையை மூடும் ஹீல் டூல் மட்டும்தான். நெற்றியில் பொட்டுக்கு மேலே வட்டமாக ஒரு வெளுத்த கறை இருந்தது, அழித்துவிட்டேன். கண்கள் மட்டும்தான் பிடிபடவில்லை. முகம் முழுக்க மென்மையாக இருக்க, கண் இரண்டும் பேனாவால் வரைந்த மாதிரி அழுத்தமாக, ஒன்று மேலே ஒன்று கீழே. யாரோ பிற்பாடு கிறுக்கியிருக்கிறார்கள் போல. இதைச் சரிசெய்யலாமா?

ஹைப்போ வாளி | 27 ஜனவரி

தம்பி, கண்ணைத் தொட வேண்டாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பெண் நாற்காலியில் இருக்கிறதா? கழுத்தில் மாலை உண்டா? தலைக்குப் பின்னால் தலையணையோ யாருடைய கையோ தெரிகிறதா? இரண்டு கைக் கட்டைவிரலும் சேர்ந்து இருக்கிறதா?

பொருநைக்கரை | 27 ஜனவரி

நாற்காலி, ஆமாம். மாலை, ஆமாம். கட்டைவிரல்கள் சேர்ந்துதான் இருக்கின்றன, நடுவில் நூல் மாதிரி ஏதோ. அண்ணாச்சி, அப்படியென்றால்…

ஹைப்போ வாளி | 27 ஜனவரி

அதேதான். அந்தக் காலத்தில் உயிரோடு இருக்கும்போது படம் எடுக்காதவர்கள்தான் அதிகம். இறந்த பிறகு ஸ்டூடியோவுக்கு ஆள் விடுவார்கள். குளிப்பாட்டி, உட்காரவைத்து, ஒரே ஒரு படம். கண் மூடியிருக்கும். பிரிண்ட் போட்டபின் மையும் மெல்லிய பிரஷும் வைத்துத் திறந்த கண் எழுதுவோம். நானே எழுதியிருக்கிறேன். மின்விளக்கு இல்லாத நாட்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதினால் ஒன்று மேலே ஒன்று கீழேதான் போகும்.

நீங்கள் அழித்த அந்த வட்டம் கறை இல்லை. நெற்றிக் காசு.

நெல்லிக்காய் | 28 ஜனவரி

இதனால்தான் முதல் ஸ்கேனைப் பூட்டி வைக்கச் சொன்னேன். லேயரை அணைத்தால் காசு திரும்பி வந்துவிடும். ஆனால் வேலையை மேற்கொண்டு தொடும் முன் வீட்டாரிடம் கேளுங்கள். சில வீடுகளில் இது இறந்த படம் என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியவே தெரியாது.

பொருநைக்கரை | 4 பிப்ரவரி

போய்வந்தேன். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாமல் காப்பி குடித்துக்கொண்டே இருந்தேன். ஆச்சியே ஆரம்பித்தார். அக்கா இறந்தபோது ஆச்சிக்கு மூன்று வயதாம். அக்கா முகத்தை இந்தப் படத்தில்தான் அறிவாராம். எல்லாம் அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. என்னிடம்தான் “கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது” என்று சொல்லியிருக்கிறார். அதிலும் பொய்யில்லை.

நெற்றியைக் காட்டி, “காச எங்கய்யா?” என்று கேட்டார். அங்கேயே லேப்டாப்பில் லேயரை அணைத்தேன். பிறகு கண்ணைப் பற்றிக் கேட்டேன். “அது கெடக்கட்டும், எனக்குப் பழகின கண்ணு” என்றார்.

வெறும் சேற்றுக் கறையை மட்டும் எடுத்துவிட்டுப் பிரிண்ட் போடப்போகிறேன். எந்தத் தாளில் போடலாம் அண்ணாச்சி?

ஹைப்போ வாளி | 4 பிப்ரவரி

மேட், அதாவது பளபளப்பில்லாத தாள். பழைய அளவிலேயே போடுங்கள், பெரிதாக்கினால் கண் தனியாகத் தெரியும். சட்டம் போடுகிறவரிடம் சொல்லி, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டை மவுண்ட் வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வெள்ளத்தில் ஒட்டாது. கண்ணாடியில் ஒட்டியிருக்கிற பழசையும் ஆச்சியிடமே கொடுத்துவிடுங்கள், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கலர்ப் படங்கள் எத்தனை இருக்கின்றன என்று சொல்லவே இல்லையே?