மாமனாருக்குக் கோல்ஃப் படம் பரிசு: எதை வாங்குவது?

குழப்பத்தில்_மருமகன்:
அடுத்த மாதம் மாமனார் ரிட்டயர் ஆகிறார். முப்பது வருடமாகக் கோல்ஃப் ஆடுகிறவர், குன்னூரில் வேலை பார்த்தபோது ஊட்டி ஜிம்கானா மைதானமே கதி என்று கிடந்தாராம். ஹாலில் மாட்டுகிற மாதிரி ஒரு படம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். எனக்கோ கோல்ஃப் மட்டைகளில் பட்டருக்கும் டிரைவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆன்லைனில் தேடினால் சூரிய அஸ்தமனம், நடுவில் நிழலாக ஒருவர் மட்டையை ஓங்கிக்கொண்டு நிற்கிறார், அதே படம்தான் நூறு கடையில். எட்டாயிரம் வரை செலவழிக்கலாம். என்ன வாங்கலாம்?

மூணு_பட்:
அந்த நிழல் மனிதரைத் தயவுசெய்து வாங்காதீர்கள். ஆடத் தெரிந்தவர் கண்ணுக்கு முதலில் படுவது அந்த ஆள் பிடித்திருக்கிற பிடி தப்பு என்பதுதான். சிலர் அழகுக்காகப் படத்தை இடவலமாகத் திருப்பி வேறு அச்சடிக்கிறார்கள், வலது கைக்காரர் இடது கைக்காரராகிவிடுவார். பந்துக்குக் கண், மூக்கு வைத்த ஜோக் படங்களும் வேண்டாம், எனக்கே வீட்டில் நாலு கிடக்கிறது.

என்னைக் கேட்டால் அமெரிக்க கோல்ஃப் வீரர் பென் ஹோகன் படம். 1950 யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டி, மெரியன் மைதானம், 18வது குழி. ஹை பெஸ்கின் எடுத்தது. பின்னாலிருந்து எடுத்ததால் ஹோகன் முகமே தெரியாது, ஒன் அயர்ன் என்கிற மட்டையால் அடித்து முடித்த நிலையில் நிற்கிறார், தூரத்தில் க்ரீனை, அதாவது குழி இருக்கிற புல்தரையை, சுற்றிக் கூட்டம். அதற்குப் பதினாறு மாதம் முன்புதான் அவர் கார் மீது பஸ் மோதி, இனி நடப்பாரா என்றே சந்தேகப்பட்ட ஆள். மறுநாள், சமநிலையை முறிக்க நடந்த பிளேஆஃபில் ஜெயித்தார். கறுப்பு வெள்ளை என்பதால் எந்தச் சுவருக்கும் ஒத்துப்போகும். உரிமையோடு விற்கிற இடத்தில் வாங்குங்கள், நெட்டிலிருந்து இறக்கி அச்சடித்தால் கஞ்சி மாதிரி இருக்கும்.

பழைய_பிரேம்:
ஹோகன் நல்ல யோசனைதான், ஆனால் ஓவியம் பிடிக்கும் என்றால் சார்லஸ் லீஸ் 1847இல் வரைந்த 'தி கோல்ஃபர்ஸ்' பாருங்கள். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஒரு பட் (குழியை நோக்கிப் பந்தை மெல்லத் தட்டி உருட்டுவது), பந்து குழிக்குள் விழுமா என்று ஐம்பது பேருக்கு மேல் எட்டிப் பார்க்கிறார்கள், ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு தினுசு. அத்தனை முகம் இருப்பதால் சின்ன அளவில் போட்டால் வீண், மூன்றடி அகலமாவது வேண்டும்.

மலைக்காற்று:
ஸ்காட்லாந்து, அமெரிக்கா எல்லாம் சரி, மனுஷர் ஆடியது ஊட்டியில்! அந்த மேடு பள்ளமும் மஞ்சள் பூப் புதரும் அவருக்குத் தெரியும். பந்தைத் தொலைத்த இடம்கூட ஞாபகம் இருக்கும். அங்கே யாரையாவது பிடித்து, கிளப்பில் அனுமதி கேட்டு, காலை ஏழு மணி வெயிலில் அவருக்குப் பிடித்த குழியை டீயிலிருந்து, அதாவது முதல் அடி அடிக்கிற இடத்திலிருந்து, எடுக்கச் சொல்லுங்கள். மதியம் எடுத்தால் நிழலே விழாது, மேடும் பள்ளமும் தட்டையாகத் தெரியும்.

ஒன்று மட்டும் கவனம், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பச் சொல்லாதீர்கள், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரண 12 மெகாபிக்சல் போன் படம் 20க்கு 15 அங்குலம் வரை தெளிவாக வரும். ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் என்றால் கண்ணாடி மின்னி ஒன்றுமே தெரியாது, மேட் கண்ணாடி கேளுங்கள்.

குழப்பத்தில்_மருமகன்:
எல்லோருக்கும் நன்றி. எந்தக் குழி பிடிக்கும் என்று நைசாக அத்தையிடம் கேட்டேன், அவர் பீரோவிலிருந்து ஒரு பழைய ஸ்கோர்கார்டை எடுத்துக் கொடுத்தார். ஊட்டியில் அவர் முதல்முறை 80க்குக் கீழே வந்த நாளாம், கோல்ஃபில் அடிகள் குறையக் குறைய நல்லதாமே. பென்சில் எழுத்து, ஓரம் பழுப்பாகிவிட்டது. ஊட்டிப் படத்தையே எடுத்து, கீழே இந்த அட்டையையும் சேர்த்துப் போடப் போகிறேன். அட்டையை லேமினேட் செய்துவிடலாமா?

பழைய_பிரேம்:
ஐயோ வேண்டாம்! லேமினேட் செய்தால் திரும்பப் பிரிக்கவே முடியாது, சூட்டில் பழைய காகிதம் கெட்டுவிடும். ஆசிட் இல்லாத மவுண்ட் அட்டை கேளுங்கள், பசை போடாமல் நாலு மூலையிலும் காகித முக்கோணம் வைத்து நிறுத்தச் சொல்லுங்கள். நல்ல ஸ்கேன் ஒன்று எடுத்துவிட்டு அப்புறம் கடைக்குக் கொடுங்கள்.

மூணு_பட்:
80க்குக் கீழேயா! ஹோகனை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.