வைனில் ஓட்டினால் வேகம் பாதியாகிவிடுமா?

செம்பனைக்காரன்: நேற்று சுங்கை சிப்புட்டில் டியூஷன் வகுப்புக் கூட்டம். ஒருவர் எழுந்து, "விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் இயங்குதளம் போட்டால், விண்டோஸ் மென்பொருளை வைன் என்ற மென்பொருளில்தான் ஓட்டணும். அது கணினிக்குள் இன்னொரு கணினி, வேகம் பாதியாகிவிடும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. வைனுக்குள் இன்னொரு கணினி கிடையாது. விண்டோஸ் நிரல் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். நிரல் நேராக ப்ராசசரிலேயே ஓடுகிறது. பாதி எங்கிருந்து வந்தது?

லயத்துவீட்டான்: அந்த ஒருவர் நான்தான். இங்கே எழுதுவதை அங்கேயே எழுந்து சொல்லியிருக்கலாமே தம்பி? என் கடையில் கணக்கு மென்பொருளை வைனில் போட்டேன். திறக்கவே அவ்வளவு நேரம். பாதி வேகம்தான்.

செம்பனைக்காரன்: முதல் தடவை வைன் தனக்கென ஒரு சி டிரைவை உருவாக்கும், அதற்கு நேரமெடுக்கும். இரண்டாம் தடவை திறந்து பார்த்தீர்களா அண்ணே? நீங்கள் சொல்லும் கணினிக்குள் கணினி விர்ச்சுவல்பாக்ஸ். அதில்தான் விண்டோஸையே முழுதாக ஏற்றி, மெமரியைப் பங்கு போட்டுக் கொடுக்கணும். வைன் 1993இல் தொடங்கிய வேலை. 2018இல் வால்வ் என்ற விளையாட்டு நிறுவனம், விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்ட வெளியிட்ட புரோட்டானுக்கு அதுதான் அடித்தளம். அவர்களின் கையடக்க விளையாட்டுக் கணினியான ஸ்டீம் டெக்கில் விண்டோஸ் விளையாட்டுகள் அப்படித்தான் ஓடுகின்றன. பாதி வேகமென்றால் எவன் வாங்குவான்?

மூன்றாம் டிவிஷன்: விளையாட்டு இருக்கட்டும். எங்கள் ஆபீஸ் கிராணியின் (குமாஸ்தாவின்) மென்பொருளுக்கு யுஎஸ்பி டாங்கிள், அதாவது கணினியில் செருகும் சின்னக் கருவி, வேண்டும். அந்தக் கருவியை இயக்கும் டிரைவர் நிரல் வைனில் ஏறவில்லை. அதை ஏன் பேச மாட்டேன் என்கிறீர்கள்?

செம்பனைக்காரன்: அது டிரைவர் விஷயம். இங்கே கேள்வி பாதி வேகமா இல்லையா என்பது.

லயத்துவீட்டான்: ஓடாத மென்பொருளுக்கு வேகம் ஏது? பாதிகூட இல்லை, சைபர்!

மூன்றாம் டிவிஷன்: விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. டியூஷன் கணினிகளில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை, முறைப்படி விண்டோஸ் 11 ஏற்ற முடியாது. பிள்ளைகளுக்கு என்ன வழி? அதைச் சொல்லுங்கள்.

லயத்துவீட்டான்: புதுசு வாங்கணும். போன திருவிழாவிலும் இந்தத் தம்பி இலவச மென்பொருள் என்று எதையோ போட்டு, கோயிலில் பாட்டே நின்றுபோனது.

செம்பனைக்காரன்: பாட்டு நின்றது ஒயர் கழன்றதால். மாட்டியது யார் என்று தோட்டத்துக்கே தெரியும். நல்ல கணினிகளைத் தூக்கிப் போடச் சொல்கிறீர்கள். புதுசு யார் கடையிலிருந்து வரும்?

லயத்துவீட்டான்: கடையை இழுக்காதே. உன் அப்பாவுக்கே கடனுக்குக் கொடுத்த கடை அது.

கோயில் தெரு: ஒயர் எங்கள் ஆள் மாட்டியது இல்லை. அதை முதலில் எழுதுங்கள்.

செம்பனைக்காரன்: அப்பா கடனைக் கடைசிக் காசு வரை கட்டிவிட்டார், பில் இருக்கிறது. சனிக்கிழமை டியூஷனுக்கு வாருங்கள். அதே கணக்கு மென்பொருளை அதே கணினியில் விண்டோஸிலும் வைனிலும் திறந்து காட்டுகிறேன். நேரத்தை நீங்களே பாருங்கள்.

லயத்துவீட்டான்: சனிக்கிழமை கடை இருக்கிறது. பாதி வேகம்தான்.

செம்பனைக்காரன்: அப்படியானால் ஞாயிறு. கணினியை நானே உங்கள் கடைக்குத் தூக்கி வருகிறேன்.