சர்க்கஸ் சுவரொட்டியின் ‘டேட் டெயில்’: ‘ஊர்நாள் ஒட்டு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

சர்க்கஸ் கலைச்சொற்களுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் முயற்சியில், யானை ஆட்டத்துக்கான இசைச் சொற்கள் ஓரளவு முடிந்துவிட்டன. விளம்பரச் சொற்களில் ‘டேட் டெயில்’ (date tail), அதாவது சுவரொட்டியோடு சேர்த்து ஒட்டும் ஊர், தேதித் துண்டுத்தாள், மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. ‘தேதிவால்’ என்ற பரிந்துரை எனக்குச் சரியாகப் படவில்லை. யானைப் படத்துக்குக் கீழே வால் என்றால், படிப்பவர் யானையின் வாலைத்தான் தேடுவார்.

முதலில் பொருளைப் பார்ப்போம். அமெரிக்காவில் சின்சினாட்டி நகரின் ஸ்ட்ரோபிரிட்ஜ் போன்ற கல்லச்சு (லித்தோகிராஃப்) அச்சகங்கள் யானைப் படங்களைப் பல வண்ணத்தில் மொத்தமாக அச்சிட்டுக் கொடுத்தன. ஒற்றைத் தாள் அளவு 28க்கு 42 அங்குலம். படத்தில் ஊரும் இருக்காது, நாளும் இருக்காது. சர்க்கஸ் வருவதற்குச் சில வாரங்கள் முன்பே விளம்பரக் குழு தனி ரயில் பெட்டியில் வந்து இறங்கும். மாவுப் பசை காய்ச்சிப் படத்தைச் சுவரில் ஒட்டி, அதன் கீழே இன்னொரு தாளை ஒட்டும். மலிவான தாள், ஒன்றிரண்டு நிறம், தூரத்திலிருந்தே தெரியும் தடித்த எழுத்தில் ஊர்ப்பெயர், கிழமை, தேதி. அவ்வளவுதான். பேண்ட் ஊருக்கு ஊர் அதே மெட்டை வாசித்தது போல, யானையும் ஊருக்கு ஊர் அதே யானைதான். மாறியது அந்தத் துண்டு மட்டும்.

இப்போது ஆய்வாளர்களுக்கு அந்தத் துண்டுதான் பெரிய சான்று. பெரும்பாலும் அதில் ஆண்டு இருக்காது, ஆனால் கிழமை இருக்கும். ‘வியாழன், ஜூலை 6’ என்று இருந்தால் 1930களில் பொருந்துவது 1933, 1939 ஆகிய இரண்டே ஆண்டுகள். அந்த சர்க்கஸின் பயணப் பட்டியலில் அந்த ஊர் எந்த ஆண்டில் வருகிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும். துண்டைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் சட்டம் போட்டு வைத்தவர்களை நினைத்தால் மனது வலிக்கிறது.

அதனால் சொல்லில் ஊர், நாள் இரண்டும் வேண்டும் என்பது என் கருத்து. ‘நாளொட்டி’ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் ‘திருநாளையொட்டி’ என்று தினமும் எழுதுகிறோமே, அதோடு குழம்பும். ‘அடியொட்டி’க்கும் ‘பின்பற்றி’ என்ற பொருள் வந்துவிடுகிறது.

‘ஊர்நாள் ஒட்டு’ என்று வைக்கலாம். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போடுகிறோம், மாங்கன்றில் ஒட்டுக் கட்டுகிறோம். ஒன்றோடு இன்னொன்று சேர்ந்து முழுமையாவதை ‘ஒட்டு’ ஏற்கெனவே சொல்கிறது. எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு சுவரில் சினிமா போஸ்டருக்குக் கீழே தியேட்டர் பெயரும் காட்சி நேரமும் போட்ட துண்டுத்தாளை ஒட்டுவார்கள். பசை காயாமல் நீல மை கொஞ்சம் வழிந்திருக்கும். அதற்கும் இந்தச் சொல்லைக் கொஞ்சம் மாற்றி ‘அரங்கு ஒட்டு’ எனலாம்.

மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். குறிப்பாக, துண்டு படத்துக்குப் பக்கவாட்டில் ஒட்டப்பட்டிருந்தாலும் இதே சொல் போதுமா?